மூச்சு திரும்பும் இடம்: ட்ரம்பெட் கிரேடு 3 தேர்வுக்கு நான் தயாரான விதம்

முதல் தடவை ட்ரம்பெட் கிரேடு 3 தேர்வுக்குப் போனபோது எனக்குக் கிடைத்தது 57. தேர்ச்சிக்கு 60 வேண்டும். விரல் தப்பவில்லை, தாளம் ஓடவில்லை, தேர்வில் வாசிக்க வேண்டிய மூன்று உருப்படியும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு வரியையும் எடுக்கும்போது முதல் ஸ்வரம் உடைந்தது. சில இடங்களில் சத்தமே வராமல் வெறும் காற்று போனது. ஏழு மாதம் கழித்து மறுபடி போனேன். இடையில் புதிதாகக் கற்றது ஒரே ஒரு விஷயம்தான்: உள்ளே வந்த மூச்சு வெளியே திரும்பும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கவனிப்பது. ட்ரம்பெட் கற்கிறவர்களில் பலருக்கு இதே சிக்கல் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இந்த கிரேடு தேர்வில் மொத்தம் 100 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்குத் தலா 22. ஸ்கேல், உதட்டு நெகிழ்வுப் பயிற்சி மாதிரியான டெக்னிகல் பகுதிக்கு 14. இரண்டு துணைத் தேர்வுகளுக்குத் தலா 10. பார்த்து வாசித்தல், கேட்டுச் சொல்லுதல், கற்பனையாக வாசித்தல், இசை அறிவு ஆகிய நான்கில் இரண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். 75 எடுத்தால் மெரிட், 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். உருப்படிகளுக்கு மட்டுமே 66 என்பதால், முதல் ஸ்வரம் உடைந்துகொண்டே இருந்தால் வேறு எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். தாத்தா ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வந்து கதவு திறப்பார்கள். அவர்களிடம் கேட்டு, விடியற்காலையில் வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், உட்கார்ந்து ஊத அனுமதி வாங்கித் தந்தார் தாத்தா. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேண்டு செட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்த மாஸ்டர். நோட்ஸ் படிப்பார். ஆனால் தேர்வு, கிரேடு எதுவும் எழுதியதில்லை.

தோற்ற செய்தியோடு போய் நின்றபோது மாஸ்டர் மதிப்பெண் தாளைப் பார்க்கவில்லை. "ஊது" என்றார். நான் மூச்சை இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் முதுகில், கடைசி விலா எலும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார். நான் ஊதுவதற்குள் நிறுத்திவிட்டார்.

"அப்பு, ஒரு 'க்' கேட்டுச்சே, கேட்டியா?"

எனக்குக் கேட்கவில்லை. மறுபடி இழுத்தேன். அப்போதும் கேட்கவில்லை. நாலாவது தடவைதான் பிடிபட்டது. மூச்சு நிறைந்ததும் தொண்டை ஒரு கணம் மூடிக்கொள்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் காற்று முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் திறக்கும்போது அந்தச் சின்ன 'க்'. "காத்த இழுத்து உள்ள போட்டுப் பூட்டிடுற. பூட்டிட்டு, தொறக்கறதுக்குச் சாவி தேடுற" என்றார் மாஸ்டர்.

ட்ரம்பெட்டில் இது ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இருப்பதே மூன்று வால்வுகள். எதையும் அழுத்தாமலே ச, ப, மேல் ச, அதற்கும் மேலே க, ப என்று பல ஸ்வரங்கள் ஒரே குழாயில் கிடைக்கும். எந்த ஸ்வரம் என்று தீர்மானிப்பது விரல் இல்லை. உதட்டின் அதிர்வும் அதற்குப் போகும் காற்றும்தான். காற்று ஒரு இமைப்பொழுது தாமதித்தால் உதடு தனியாக நின்று தடுமாறும். பக்கத்து ஸ்வரத்தில் விழும், அல்லது எதிலும் விழாமல் உடையும்.

என் தவறுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது கொஞ்ச நாள் பிராணாயாமம் செய்திருக்கிறேன். பூரகம், கும்பகம், ரேசகம் என்று இழுத்து, நிறுத்தி, விடுவது பழகிப்போன ஒழுங்கு. அது நல்ல பயிற்சிதான். ஆனால் ட்ரம்பெட்டுக்குக் கும்பகம் ஆகாது. உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் ஊஞ்சல் மாதிரி. உச்சிக்குப் போன ஊஞ்சலை யாரும் பிடித்து நிறுத்துவதில்லை, அது தானாகத் திரும்புகிறது.

அடுத்த ஆறு வாரம் தினமும் முதல் பத்து நிமிஷம் ட்ரம்பெட்டைத் தொடவில்லை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-இல் வைத்துக்கொண்டு, எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளம் போடுவேன். லகுவின் நான்கு எண்ணிக்கையில் மூச்சு உள்ளே, இரண்டு துருதங்களின் நான்கு எண்ணிக்கையில் வெளியே. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணி முடித்து, துருதத்தின் தட்டு விழும் அந்த இடம்தான் மூச்சு திரும்பும் இடம். அங்கே தொண்டையை மட்டும் கவனிப்பேன். திருத்த முயலமாட்டேன். 'க்' வந்தால், வந்தது என்று தெரிந்துகொள்வேன், அவ்வளவுதான். முதல் வாரம் எட்டு மூச்சில் ஆறு தடவை வந்தது. அதை மிரட்டி அடக்கப் பார்த்த நாளில் தோள்பட்டை இறுகி இன்னும் மோசமாயிற்று. சும்மா கவனித்த நாட்களில்தான் குறைந்தது. இந்த வித்தியாசத்தை நான் நம்ப மூன்று வாரம் ஆனது.

பழகியதும் கணக்கை மாற்றலாம். இரண்டு எண்ணிக்கை உள்ளே, ஆறு வெளியே. பிறகு ஒன்று உள்ளே, ஏழு வெளியே. தேர்வு உருப்படிகளில் மூச்சு எடுக்கக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு எண்ணிக்கைதான். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள். ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

அதன் பிறகு உதட்டில் வைக்கும் மவுத்பீஸை மட்டும் கழற்றி வைத்து ஐந்து நிமிஷம், பிறகு ட்ரம்பெட்டில் நீண்ட ஸ்வரங்கள். நாக்கைத் தட்டாமல், காற்றை மட்டும் வைத்து ஸ்வரத்தை எடுத்துப் பாருங்கள். இதில் ஏமாற்ற முடியாது. காற்று திரும்பாமல் நின்றால் ஸ்வரம் பிறக்காது. காற்றால் எடுக்க வந்த பிறகு நாக்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கவனம் வந்ததும் வேறு தவறுகளும் வெளியே தெரிய ஆரம்பித்தன. எனக்கு வலது கைச் சுண்டுவிரல். ட்ரம்பெட்டின் மேலே உள்ள கொக்கியில் அதை மாட்டி, மேல் ஸ்வரம் வரும்போதெல்லாம் மவுத்பீஸை உதட்டோடு இழுத்து அழுத்தியிருக்கிறேன். பயிற்சி முடிந்தால் மேலுதட்டில் சிவப்பாக ஒரு வளையம் நிற்கும். அதை உழைப்பின் அடையாளம் என்று நினைத்திருந்தேன். மாஸ்டர் சுண்டுவிரலைக் கொக்கிக்கு வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் வளையம் மங்கிவிட்டது. அப்புறம் இன்னொன்று, நம் ஊர்ச் சாப்பாட்டுக் காரத்தோடு மவுத்பீஸை வைக்காதீர்கள். உதடு எரிந்தால் கவனமெல்லாம் அங்கேதான் போகும். வாய் கொப்பளித்துவிட்டு, முக்கால் மணி நேரமாவது கழித்து ஊதுங்கள்.

இடத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். வளவில் ஊதுவது பெரிய சுகம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சுண்ணாம்பு பூசி வழவழத்த சுவர், நடுவில் திறந்த வானம். ஒரு ஸ்வரம் விட்டால் தூண்களையெல்லாம் சுற்றிவிட்டு வந்து காதில் விழும். அந்த எதிரொலிதான் என்னை ஏமாற்றியது. உடைந்த தொடக்கத்தை அது பூசி மெழுகிவிடும். தேர்வு அறை சின்னது, கம்பளம் விரித்தது. அங்கே ஒவ்வொரு விரிசலும் அப்படியே கேட்கும். அதனால் வாரத்தில் மூன்று நாள் கண்மாய்க்கரைக்குப் போனேன். திறந்தவெளியில் சத்தம் திரும்பி வராது, ஊதியது ஊதியபடி போய்விடும். முதல் நாள் என் சத்தத்தைக் கேட்டு எனக்கே அழுகை வந்தது. ஆனால் திருத்த வேண்டியது என்ன என்று அங்கேதான் தெரிந்தது. கரையில் நடந்துகொண்டும் ஊதினேன்: இரண்டு அடிக்கு மூச்சு, ஆறு அடிக்கு ஸ்வரம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் மாஸ்டர் வருஷக்கணக்கில் செய்தது அதுதான். நடக்கும்போது மூச்சைப் பூட்டுவது கஷ்டம், கால் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை ட்யூபா என்ற பெரிய பித்தளைக் காற்றுக் கருவியை வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் மூச்சைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்தவர். தசைகளுக்குக் கட்டளை போடாதே, வரவேண்டிய நாதத்தை மனதுக்குள் பாடு, காற்று தானாகப் போகும் என்பதுதான் அவர் பாடத்தின் சாரம். எனக்கு இது கடைசி மாதத்தில் உதவியது. அதுவரை தொண்டையைக் கவனித்தவன், பிறகு முதல் ஸ்வரத்தை மனதுக்குள் பாடிக்கொண்டே மூச்சை எடுக்கப் பழகினேன். ஆரம்பத்திலேயே இதை மட்டும் செய்திருந்தால் எனக்குப் பலித்திருக்காது என்று நினைக்கிறேன். பூட்டு இருக்கும் இடம் தெரிந்த பிறகுதான் அதை மறக்க முடிந்தது.

தேர்வுக்கு முதல் நாளே பல்லவன் ரயிலில் சென்னை போய்விட்டேன். காலையில் இருபது நிமிஷம் மட்டும் மெதுவாக ஊதினேன். அதற்கு மேல் ஊதினால் உதடு களைத்துவிடும். அறைக்குள் போனதும் அவசரப்பட வேண்டியதில்லை. உருப்படிக்கும் உருப்படிக்கும் நடுவில் வாட்டர் கீயைத் திறந்து குழாயில் சேர்ந்த நீரை விடலாம், இரண்டு மூச்சு சாதாரணமாக விடலாம். போன தடவை அந்த இடைவெளியில் தேர்வாளரின் மேஜையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை லகுவும் துருதமும் தொடையில் போட்டேன்.

72 வந்தது. மெரிட்டுக்கு மூன்று குறைவு. ஊருக்கு வந்ததும் மாஸ்டரிடம் தாளைக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"'க்' வந்துச்சா?"

"ரெண்டு தடவை மாஸ்டர். ரெண்டும் இரண்டாவது உருப்படியில."

"எந்த எடம்?"

புத்தகத்தைத் திறந்து காட்டினேன். நீண்ட ஓய்வுக்குப் பிறகு மேல் ஸ்வரத்தில் எடுக்கும் வரி அது. மாஸ்டர் விரலை அங்கே வைத்தார்.

"சரி, எடு. அங்கேருந்து ஊது."