பெயர் கேட்காத ஊர்

16 டிசம்பர் 2024, திங்கட்கிழமை

இன்று மார்கழி முதல் நாள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மந்தைவெளியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கபாலீசுவரர் கோயில் பக்கம் நடந்தேன். மெட்ரோ சுரங்கப் பணிக்காக வைத்திருக்கும் தடுப்புகளைச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால், முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த நடை இப்போது கால் மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஆனால் அந்தச் சுற்று வழியில்தான், இத்தனை ஆண்டுகளாக நான் நுழைந்தே இராத ஒரு சந்தில், வாசலை அடைத்துப் புள்ளிக்கோலம் போட்டிருந்த ஒரு வீட்டைப் பார்த்தேன். கோலத்தின் ஓரத்தில் அதற்குள் ஒரு ஸ்கூட்டர் சக்கரம் ஏறிப் போயிருந்தது. போட்டவர் அதைப் பொருட்படுத்தாமல் நடுவில் பூசணிப் பூவை வைத்துக்கொண்டிருந்தார்.

வடக்கு மாட வீதியில் பஜனைக் குழு வந்துகொண்டிருந்தது. பாபநாசம் சிவன் முன்னின்று பாடிய மார்கழி பஜனை, அவர் 1973இல் மறைந்த பிறகும் இந்த நான்கு வீதிகளை விட்டுப் போகவில்லை. பாடுகிறவர்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடக்கிறவர்கள் எப்போதும் சிலர் உண்டு. நான் அந்தக் கட்சி.

குளக்கரையில் பூ விற்கும் அம்மாவிடம் டிசம்பர் பூ வந்துவிட்டது. "ஊதா வந்துட்ச்சிம்மா, ரெண்டு மொழம் அளக்கட்டுமா?" என்றார். ஒன்று போதும் என்றேன். ஒரு காலத்தில் நான்கு முழம் வாங்கியவள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதை வைத்தே, என் தலைமுடி உதிர்ந்த கதை முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்கும். என் பெயர் தெரியாது. அவர் பெயர் எனக்கும் தெரியாது.

தென்காசிப் பக்கம் என் ஊரில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் "நீ யாரு மவ?" என்று மூன்று பேராவது கேட்டுவிடுவார்கள். அன்பான கேள்விதான், ஆனால் விடை சொன்ன மறுகணமே, தாத்தா வாங்கிய கடனுக்கும் அத்தை கல்யாணத்தில் நடந்த சண்டைக்கும் நான் வாரிசாகிவிடுவேன். 1998இல் வேலைக்காகச் சென்னைக்கு வந்தபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்காதது பயமாக இருந்தது. பயம் எந்த ஆண்டில் சுகமாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. இந்த ஒரு மாதம் அதைக் குறித்துவைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

19 டிசம்பர், வியாழக்கிழமை

பறக்கும் ரயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும் வந்து, வேளச்சேரியை எட்டுவதற்கு 2007 வரை எடுத்துக்கொண்ட பாதை இது. நிலையங்களோ, பெரிய விருந்துக்கென்று கட்டி, விருந்தாளிகள் வராமல் போன மண்டபங்களைப் போல இருக்கின்றன. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண் நட்டு எழுப்பியதால் கால்வாயின் வாடையும் சீசன் டிக்கெட்டிலேயே அடங்கிவிடுகிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அலுவலகம் செல்ல எனக்கு வேறு வண்டி வேண்டாம்.

காரணம் மொட்டைமாடிகள். தெருவில் நின்று பார்த்தால் சுவரும் கதவுமாகத் தெரியும் வீடுகள், அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஒன்றையும் ஒளிப்பதில்லை. பழைய சேலையில் காயும் வடகம், புறாக் கூண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் சத்தமாகப் படிக்கும் பையன், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சிகரெட் பிடிக்கும் அவன் அப்பா. சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் வண்டி முழுவதும் மைதானப் பக்கத்துச் சன்னல்களுக்கு நகர்ந்து, ஒரு பந்தையாவது பார்த்துவிடத் துடிக்கும்.

திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவர் ஏறுவார். நாளிதழைப் பிரித்து நடுத்தாளை எதிரில் இருப்பவருக்கு நீட்டுவார்; கோட்டை நிலையத்தில் இறங்குவதற்கு முன் திரும்ப வாங்கிக்கொள்வார். ஆறேழு ஆண்டுகளில் நாங்கள் பேசிக்கொண்டவை நாலைந்து வாக்கியங்கள் இருக்கலாம். அவற்றில் முதல் வாக்கியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "குறுக்கெழுத்த மட்டும் நிரப்பிடாதீங்கம்மா, அது வீட்ல அவங்களுக்கு."

22 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அங்கே எழுந்த எண்ணத்தால் 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பரில் இந்த நகரம் பாடத் தொடங்கிய கதை அதுதான். அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மதியக் கச்சேரி. பெரும்பாலான சபாக்களில் அதற்குக் கட்டணம் கிடையாது. மேடையில் இளையவர்கள், கீழே வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், உண்ட களைப்பில் கண்ணயர்பவர்கள், உண்மையாகவே கேட்க வந்தவர்கள். இந்த மூன்று வகையிலும் நான் அமர்ந்திருக்கிறேன்.

இன்று பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். ஆலாபனையைத் தொடங்கியதும் பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி என் பக்கம் சாய்ந்து, "நாயகியா, தர்பாரா?" என்று கேட்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாது மாமி" என்றேன். "தெரியாதுன்னு சொல்றவாதான் நன்னா கேப்பா" என்று சொல்லிவிட்டு, காந்தார ஸ்வரத்தை இரட்டித்துச் சொல்லி இறங்கினால் தர்பார், அவசரப்படாமல் இழைந்து வந்தால் நாயகி என்று, என் கையின்மேல் தம் விரலால் தட்டிக் காட்டினார். பெற்ற தாய்கூட அப்படி உரிமையோடு என் கையைப் பிடித்து நெடுநாள் ஆகிறது. ராகம் தர்பார் என்று தெளிவானபோது, பரீட்சையில் நானே தேறியதைப் போன்ற மகிழ்ச்சி எனக்கு.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் கேன்டீனை நோக்கி நகர்ந்தது. மிருதங்கக் கலைஞர்களுக்கு இழைக்கப்படும் இந்த அநீதியை நானும் ஆண்டுதோறும் கண்டித்துப் பேசுகிறேன். இன்று வாழைப்பூ வடை தீர்ந்துவிடும் என்று மாமி சொன்னதால் நானும் எழுந்து போனேன். வடைக்குப் பிறகு அவர் ஆட்டோவில் ஏறிப் போனார். எங்கே வசிக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

29 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. 1977இல் தொடங்கியது, இது 48ஆவது. வழக்கமாக ஜனவரியில் வருவது இம்முறை முன்கூட்டியே வந்துவிட்டது, சம்பளம் வருவதற்கு முன்னால். எனவே பட்டியல் போட்டுக்கொண்டு சென்றேன். பட்டியலில் இல்லாத நான்கு நூல்களை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு கடையில் பழைய பயண நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, முதுகில் பையை மாட்டிய இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி, "மேடம், அந்தப் பதிப்பு வேணாம், எழுத்து ரொம்பப் பொடி. ரெண்டு வரிசை தள்ளி வேற போட்டிருக்காங்க" என்றார். சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார். என் கண்ணாடியின் தடிமனைப் பார்த்திருப்பார். இந்த நகரத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் கவனிப்பதில்லை என்று யாராவது எழுதினால், அவர்களை இந்த மைதானத்துக்கு அழைத்து வரவேண்டும். கவனிக்கிறார்கள், கவனித்ததைக் காரணம் காட்டி வீட்டுக்குள் வருவதில்லை, அவ்வளவுதான். வெளியே வந்து, முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம் ஒன்றைத் தனியாகத் தின்று தீர்த்தேன்.

6 ஜனவரி 2025, திங்கட்கிழமை

ஆண்டு பிறந்ததிலிருந்து நாளிதழ்ப் பெரியவர் வண்டியில் இல்லை. வேறு வண்டிக்கு மாறியிருக்கலாம். அவர் வழக்கமாக அமரும் இருக்கையில் இன்று ஒரு கல்லூரிப் பெண் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

14 ஜனவரி, செவ்வாய்க்கிழமை

பொங்கல். இவ்வாண்டு விடுப்பு கிடைக்காததால் ஊருக்குப் போகவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்தும் எழும்பூரிலிருந்தும் நான்கு நாட்களாக ஊர் வடிந்துகொண்டே இருந்தது. இன்று காலை ஆர்.கே. மடம் சாலையின் நடுவில் ஒரு நாய் படுத்து உறங்கியது. அதை எழுப்ப ஒரு வாகனமும் வரவில்லை.

எல்லோரும் இந்த வெறுமையைக் கொண்டாடுகிறார்கள். "எப்பவும் மெட்ராஸ் இப்படியே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று மாடி வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேநீர்க் கடை மூடியிருந்தது, இஸ்திரி வண்டி சாக்குப் போர்த்தி நின்றது, குளக்கரையில் பூக்கார அம்மா இருந்த இடத்தில் வாடிய வாழைநார் மட்டும் கிடந்தது. அவருக்கும் ஓர் ஊர் உண்டு, அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் உண்டு என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து, குக்கரில் பொங்கல் வைத்தேன். குக்கரில் எங்கே பொங்கி வழிவது, விசில்தான் வந்தது.

19 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

நேற்றிரவு ஆமை நடை. 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் அமைப்பு ஒன்று, ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரமாக நடந்து கூடுகளைத் தேடுகிறது. வார இறுதிகளில் நம்மைப் போன்றவர்களையும் அழைத்துச் செல்கிறது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், மணலில். விளக்கு ஏற்றக் கூடாது என்பது முதல் விதி. அதனால் கூட வந்த முப்பது பேரில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. குரல்கள் மட்டும் தெரியும்.

முதலில் கண்டவை இறந்த ஆமைகள். இந்த மாதம் சென்னைக் கரையில் அவை ஏராளமாக ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. மூச்சுக்காக அடிக்கடி மேலே வரவேண்டிய உயிர், இழுவை வலையில் மாட்டிக்கொண்டால் கடலிலேயே மூச்சுமுட்டிச் சாகிறது. ஐந்தாவதைக் கண்ட பிறகு யாரும் பேசவில்லை.

விடிவதற்கு நெடுநேரம் இருக்கையில், முன்னால் சென்ற மாணவி கையை உயர்த்தினாள். சிறிய டிராக்டர் ஏறி இறங்கியதைப் போன்ற தடம் ஒன்று கடலிலிருந்து மேலே வந்து, வளைந்து, கடலுக்கே திரும்பியிருந்தது. பங்குனி ஆமை. கோலால் மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இளகிய இடத்தை அறிந்து, கை தோள்வரை மறையும் ஆழத்திலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்கள். பிங்பாங் பந்தின் அளவு, வெதுவெதுப்பு, ஈரம். பெசன்ட் நகரில் வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே வடிவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். பொரிப்பதற்கு 45 முதல் 60 நாட்கள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையைக் கடல் என்று நம்பி ஓடுமாம். இங்கே அந்தத் திசையில் இருப்பவை நம் தெரு விளக்குகள். அதனால்தான் இந்த வேலியும் காவலும்.

கரையில் தேநீர்க் கடை திறந்ததும் எல்லோரும் வெளிச்சத்துக்கு வந்தோம். வழியெல்லாம் எனக்குப் பள்ளத்தைச் சொல்லிக்கொண்டே வந்த தடித்த குரல், பதினாறு வயதுப் பையனுடையது. அவன் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

22 ஜனவரி, புதன்கிழமை

ஊர் திரும்பிவிட்டது. பூக்கார அம்மா வந்துவிட்டார். டிசம்பர் பூ முடியப்போகிறது என்றார். ஊரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருவல்லிக்கேணியில் பெரியவர் ஏறினார். சற்று மெலிந்திருந்தார், சட்டை இஸ்திரி போடாததாக இருந்தது. வழக்கம்போல நாளிதழைப் பிரித்து நடுத்தாளை நீட்டினார். சேப்பாக்கம் தாண்டியதும், சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "குறுக்கெழுத்த நீங்களே போட்டுக்கோங்கம்மா" என்றார்.

கேட்டிருக்கலாம். அவர் வீட்டம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம், கண் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கலாம். கோட்டை நிலையம் வரும்வரை தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இடமிருந்து வலம் மூன்றுக்கும் ஏழுக்கும் விடை தெரிந்தது. எழுதாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இறங்கினார்.