செப்புக் கூரைக்கு ஏன் பூச்சு?

புளி போட்டுத் துலக்காத செப்புக் குடத்தில் களிம்பு ஏறுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, அமெரிக்கக் கட்டடங்களின் செப்புக் கூரைத் தகட்டுக்குச் சாம்பல் நிறப் பூச்சு ஏன் கொடுத்தார்கள் என்பது எளிதில் விளங்கும். பூச்சில்லாத செம்பின் மேல் விழும் மழைநீர், செப்பு உப்புகளைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கீழே உள்ள பளிங்கு, சுண்ணாம்புக்கல் சுவர்களில் தேய்த்தாலும் போகாத பச்சைக் கறையைப் படியவிடுகிறது. அதைத் தவிர்க்கவே காரீயம் பூசினார்கள். அதே மழைநீர் நஞ்சான காரீயத்தையும் மண்ணுக்குக் கொண்டுசெல்லும் என்பதால், துத்தநாகமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு பின்னர் வந்தது. மிகவும் தேவையான மாற்றம் என்றே இதை நான் கருதுகிறேன்.

பூச்சு எதுவானாலும் உள்ளே இருப்பது செம்புதான். 3 மீட்டர் நீளத் தகடு, வெப்பம் 40 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். ஆகவே தகட்டைத் துளைத்து ஆணி அறையாமல், ஓரங்களை நிமிர்த்தி மடித்து, மடிப்புக்குள் செருகிய சிறு செப்புப் பட்டைகளால் பிடித்து நிறுத்துவார்கள். அந்தப் பட்டையில் அடிக்கும் ஆணியும் செம்பாகவே இருப்பது நல்லது. துத்தநாக முலாம் பூசிய இரும்பு ஆணியை அங்கே அடித்தால், ஈரம் பட்டதும் செம்பின் தொடர்பால் அது விரைவாக அரித்துப்போய், தகடு நன்றாக இருக்கும்போதே பிடி விட்டுவிடும். கூரை வேலை தொடங்கும் நாளில் ஆணிப் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.