கச்சை விழும் இடம்: ஒரு வயோமிங் பண்ணையின் நாட்குறிப்பு

ஏப்ரல் 9

அப்சரோகா மலையடிவாரத்தில் பனி இன்னும் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. பசுக்கள் கன்று ஈனும் வேலைக்கு நடுவே சேணங்களைப் பிரித்துப் பார்த்தாயிற்று. மொத்தம் பதினொன்று.

வெஸ்டர்ன் (அமெரிக்க மாட்டுக்காரர்) சேணத்தைக் குதிரைமேல் பிடித்து நிறுத்துவது வயிற்றடியில் போகும் கச்சைப் பட்டை. அதைச் சேணத்தோடு கட்ட இடப்பக்கம் லாட்டிகோ என்ற நீள வார். சுமார் 6 அடி நீளம், 1¾ அங்குல அகலம். வலப்பக்கம் இரண்டாக மடித்த குட்டை வார். கச்சையை அவிழ்ப்பதும் கட்டுவதும் எப்போதும் இடப்பக்கம்தான் என்பதால் லாட்டிகோவைத் தினமும் கண் பார்க்கிறது, கை தொடுகிறது. வலப்பக்க வாரை ஆண்டு முழுக்க யாரும் கழற்றுவதில்லை. வியர்வை உப்பு மடிப்பில் தங்கித் தோலை உலர்த்திவிடும். அறுந்துபோவது பெரும்பாலும் இதுதான்.

சோதிக்கும் முறை எளிது. வாரைக் கொக்கியிலிருந்து முழுதாகக் கழற்றி, ஊசி நுழையும் துளையில் வைத்து வெளிப்பக்கம் புடைக்கும்படி மடக்க வேண்டும். தோலின் மேல் மயிரிழை போல வெடிப்பு ஓடினால் எண்ணெய் போட்டுப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தாலும் அதே தீர்ப்பு. பதினொன்றில் நான்கு தேறவில்லை. நான்கும் மேலே பளபளவென்று எண்ணெய் பூசியவை.

ஏப்ரல் 10

கச்சைகள். மோஹேர் (அங்கோரா ஆட்டு மயிர்) நூல்கச்சையைக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் காயவைக்கவும். ஓர நூல் இரண்டு அறுந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. மிச்ச நூல்கள் அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்கும்போது தோலில் கயிறு போல வெட்டும். நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) கச்சை கழுவச் சுலபம். ஆனால் அடியில் காற்றே போகாது, வெயிலில் தோல் வெந்துவிடும்.

ஏப்ரல் 13

ரிக்கிங் என்பது கச்சை தொங்கும் வளையங்களைச் சேணத்தில் எங்கே, எப்படிப் பொருத்துவது என்கிற கணக்கு. சேணத்தின் முன்கவைக்கும் (கயிறு கட்டும் கொம்பு நிற்கும் முன்பகுதி) பின்மேட்டுக்கும் (இருக்கையின் உயர்ந்த பின்விளிம்பு) இடையிலான தூரத்தை வைத்துப் பெயர் சொல்வார்கள். வளையம் முன்கவைக்கு நேர் கீழே இருந்தால் ஃபுல். சரிபாதியில் இருந்தால் சென்டர்ஃபயர். நடுவே 7/8, 3/4, 5/8. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் ஓரிரு அங்குலம்தான் வித்தியாசம். அந்த ஓரிரு அங்குலத்தில்தான் குதிரையின் தோல் தப்புகிறது அல்லது கிழிகிறது.

ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் வேலையிலிருந்து வந்தது. டெக்சஸில் முட்புதருக்குள் மாட்டைப் பிடித்தால் கயிறு நீளமாக ஓட இடமில்லை. குட்டைக் கயிறு, கொம்பில் இறுக்கிக் கட்டியது. கயிறு விறைக்கும் கணத்தில் சேணத்தின் பின்பக்கம் எகிறும். அதனால் ஃபுல் இடத்தில் ஒரு கச்சை, பின்னால் இன்னொன்று. கலிஃபோர்னியாவின் வக்கேரோக்கள் (ஸ்பானிய மரபு மாட்டுக்காரர்கள்) நீண்ட பச்சைத்தோல் கயிற்றைக் கொம்பில் சுற்றி வழுக்கவிட்டு மாட்டை மெல்ல நிறுத்தியவர்கள். அவர்களுக்குச் சென்டர்ஃபயர் ஒற்றைக் கச்சை போதுமாக இருந்தது. நெவாடா, கிழக்கு ஓரிகன் பக்கம் இடைநிலையாக 3/4.

இந்தப் பக்கத்து வேலைக்கு 7/8 இடத்தில் முன்கச்சையும் ஒரு பின்கச்சையும் பொருந்திவரும். ஃபுல் வைத்தால் பல குதிரைகளுக்குக் கச்சை முன்னங்கால் முட்டியின் (முழங்கால் அல்ல, மார்பை ஒட்டிய மேல்மூட்டு) பின்புறத் தோலில் ஒட்டி விழும். சமவெளியில் அரை நாள் தாங்கும். மலையில், காலை எட்டி வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் உரசும்.

ஏப்ரல் 14

வளையத்தைத் தோல் பட்டையால் மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவது பழைய முறை. ஸ்கர்ட் தோலுக்குள்ளேயே (சட்டத்தை மூடிப் பக்கவாட்டில் விரியும் தோல்) உலோகத் தகட்டைப் பதிப்பது இன்னொரு முறை. பின்னதில் முழங்காலுக்கு அடியில் புடைப்பு இல்லை, கால் குதிரையோடு ஒட்டி உட்காரும். ஆனால் பிய்ந்தால் ஸ்கர்ட்டையே பிரித்துத் தைக்க வேண்டும். ரோடு போகாத மலைக்குள் எடுத்துப் போகும் சேணத்துக்குப் பழைய முறையே மேல். ஒரு வாரும் கத்தியும் இருந்தால் ஒப்பேற்றிக்கொண்டு திரும்பி வரலாம்.

வேட் சட்டம் (சேணத்தின் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தில் ஒரு வடிவம்) பற்றியும் ஒரு வரி. கிளிஃபர்ட் வேட் என்பவரின் சேணத்தைப் பார்த்து, குதிரை பழக்குவதில் பேர்பெற்ற டாம் டோரன்ஸ் செய்யச் சொல்ல, ஓரிகனின் பெண்டில்டனில் உள்ள ஹாம்லி பட்டறை வார்த்தெடுத்த வடிவம் அது. கொம்பு தாழ்வாக, குதிரையின் முதுகுக்கு நெருக்கமாக உட்காரும். கொம்பு எவ்வளவு உயரமோ கயிறு இழுக்கும்போது நெம்புகோலும் அவ்வளவு நீளம். தாழ்ந்த கொம்பு சேணத்தைக் குறைவாகவே புரட்டும். எல்லோரும் அழகுக்காக வாங்குகிறார்கள். உண்மையான காரணம் இதுதான்.

ஏப்ரல் 20

சேணத்தைப் பார்ப்பதற்கு முன் குதிரையைப் பார்க்க வேண்டும். எந்தக் கச்சையும் கடைசியில் குதிரையின் மார்புக்கூடு எங்கே குறுகலாக இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். கட்டுகிறவர் எங்கே வைத்தார் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

சமதரையில் நான்கு காலும் சதுரமாக நிற்கவைத்து, முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் வயிற்றடியில் உள்ளங்கையை வைத்துப் பின்னோக்கித் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். சாக்பீஸால் அங்கிருந்து நேர் மேலே ஒரு கோடு. அடுத்து, மெத்தை இல்லாமல் வெறும் சேணத்தைக் கழுத்தடி மேட்டில் (விதர்ஸ்) சற்று முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தோள்பட்டை எலும்பைத் தாண்டியதும் தானாக ஓரிடத்தில் அமரும். சட்டத்தின் முன்விளிம்பு அந்த எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும். இப்போது வளையத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது சாக்பீஸ் கோட்டின்மேல் விழ வேண்டும்.

இன்று சாம்பல் நிறப் பெட்டைக் குதிரைக்கு 3/4 சேணத்தை வைத்துப் பார்த்ததில் நூல் கோட்டுக்கு இரண்டரை அங்குலம் பின்னால் விழுந்தது. இப்படிப்பட்ட குதிரையில் என்ன நடக்கும் என்றால், கட்டும்போது கச்சை நேராக இருக்கும். ஒரு மைல் போவதற்குள் கச்சை முன்னே நகர்ந்து பள்ளத்தில் விழும், இறுக்கம் தளரும், சேணம் தோளின்மேல் ஏறும். ஏறியவர் இறங்கி இன்னும் இறுக்குவார். மறுபடியும் அதே கதை. இறுக்கித் தீர்க்க முடியாத குறை இது. 7/8 சேணத்தை மாற்றிப் போட்டதும் நூல் கோட்டை ஒட்டி விழுந்தது.

ஏப்ரல் 21

மெத்தை: கம்பளி ஃபெல்ட், முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை. சேணம் இறுக்கமாக இருக்கிறது என்று தடித்த மெத்தை போடுவது, கடிக்கிற செருப்புக்குள் இன்னொரு காலுறை போடுவது போலத்தான். போட்ட மெத்தையின் நடுவை முன்கவையின் பள்ளத்துக்குள் தூக்கிவிட மறக்கக் கூடாது.

மே 3

விற்பனைக்கு மூன்று குதிரைகள் வந்தன. பல், குளம்பு, எலும்பு, முதுகு என்ற வரிசையில் பார்த்தாயிற்று.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுப்பதைப் பார்த்தே ஆக வேண்டும். மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் ஈறு ஓரமாக ஒரு கறுத்த வரி பத்து வயதுவாக்கில் தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும், இருபதில் பல்லின் நுனியைத் தொடும். ‘ஒன்பது வயது’ என்று சொல்லி வந்த செந்நிறக் குதிரைக்கு வரி பாதியை நெருங்கியிருந்தது. மலைக்கு ஏழிலிருந்து பதினான்கு வயது வரை நல்லது. ஐந்துக்குக் கீழே எலும்பு முற்றியிருக்காது, புத்தியும்.

உயரம் 14.2 முதல் 15.2 கை (ஒரு கை 4 அங்குலம்). பதினாறு கைக் குதிரை படத்துக்கு நன்றாக இருக்கும். தாழ்ந்த கிளைக்கு அடியில் போகவும், நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்கவும் அது தொல்லை.

எடையைத் தராசு இல்லாமல் கணிக்க: முட்டிக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையிலான நீளத்தால் பெருக்கி, 330-ஆல் வகுத்தால் பவுண்டு. பழுப்புக் குதிரைக்குச் சுற்று 74, நீளம் 66. விடை 1,095 பவுண்டு, ஏறக்குறைய 497 கிலோ.

அதன் மேல் எவ்வளவு ஏற்றலாம்? ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்டுக் குதிரைகளை வைத்துச் செய்து 2008-இல் வெளிவந்த ஆய்வில் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் ஏற்றிப் பார்த்தார்கள். 25-ஐத் தொட்டதும் தசை வலி தெரிந்தது. இடுப்பு அகலமும் கீழ்க்கால் எலும்பின் சுற்றளவும் கூடுதலாக இருந்த குதிரைகளுக்கு வலி குறைவு. ஆகவே 20 என்று வைத்துக்கொள்வது நியாயம். பழுப்புக் குதிரைக்கு 99 கிலோ. சேணம் 18 கிலோ, மெத்தை, மழைக்கோட்டு, பைகள் 7 கிலோ. ஏறுகிறவருக்கு மிஞ்சுவது 74. இந்தக் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. போட்டால் யாரோ ஒருவர் இளைக்க வேண்டிவரும்.

முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே சுற்றளவு 1,000 பவுண்டுக்கு 7 அங்குலமாவது வேண்டும், 8 இருந்தால் நிம்மதி. பழுப்புக்கு 8. செந்நிறத்துக்கு 7-க்கும் குறைவு, அதுவும் பெருத்த பின்தொடைக்குக் கீழே. காட்சிக்கு வளர்க்கும் குவார்ட்டர் இனக் குதிரைகளில் இந்த உடல்வாகு அடிக்கடி வரும். லாடம் கட்டுபவர் குளம்பைப் பார்த்துச் சொன்னது ஒரே வரி: “ஆணி அடிக்கச் சுவரே இல்லை.”

கழுத்தடி மேடு தெரியாமல் பீப்பாய் போல உருண்ட முதுகு மூன்றாவதற்கு. அங்கவடியில் காலை வைத்து ஏறும்போதே சேணம் சுழலும். ஒதுக்கியாயிற்று.

மே 4

பழுப்பைக் கெட்டித் தரையில் நேராகவும் வட்டமாகவும் ஓடவிட்டுப் பார்த்தது. நொண்டல் முன்னங்காலில் இருந்தால், நோகும் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். தலை சீராக இருந்தது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துவிட்டார். வலிமருந்து கொடுத்துக் கொண்டுவந்திருந்தால் அதில் தெரியும். காகின்ஸ் சோதனைச் (குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகைக்கான ரத்தச் சோதனை) சான்று இருக்கிறது. வயோமிங்கில் கைமாறும்போது சூட்டுக்குறி ஆய்வாளரின் தாளும் வேண்டும். அது இல்லாமல் லாரியில் ஏற்றக் கூடாது.

மே 18

மலைச் சோதனை. 1964-இன் வனாந்தரச் சட்டம் (வைல்டர்னஸ் ஆக்ட்) காத்த பகுதிகளில் மோட்டார் வாகனம் கிடையாது, இயந்திர ரம்பமும் கிடையாது. விழுந்த மரம் கைரம்பம் வரும் வரை பாதையிலேயே கிடக்கும். ஆகவே தாண்டத் தெரியாத குதிரைக்கு அங்கே வேலையில்லை. குதித்துத் தாண்டுவதும் வேண்டாம். நின்று, தலையைத் தாழ்த்திப் பார்த்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்க வேண்டும்.

மற்றவை: சேணத்தில் உட்கார்ந்தபடி மழைக்கோட்டை விரித்து மாட்டினால் அசையக் கூடாது. கயிறு வாலுக்கு அடியில் போனால் வாலை இடுக்கிக்கொண்டு ஓடக் கூடாது. கூட வந்த குதிரைகள் கண்மறையப் போனாலும் கட்டிய இடத்தில் நிற்க வேண்டும். கடைசியதில்தான் அதிகம் தோற்கின்றன.

ஓடையில் இறங்கியது. பீவர் (மரம் அடுக்கி அணை கட்டும் விலங்கு) அணைக்குப் பக்கத்துப் பச்சைத் தரையில் மட்டும் நின்றுவிட்டது, தட்டியும் நகரவில்லை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பதில் ‘குதிர்’ என்றால் மணல்திட்டு என்று விளக்கம் சொல்வார்கள். இங்கே நம்ப வேண்டியது மண்ணை அல்ல, குதிரையை. குச்சியால் குத்தினால் முழங்கை ஆழம் சேறு. பழுப்பு தேறியது.

ஜூன் 11

மலையேற்றக் கட்டு. ஏறும்போது சேணம் பின்னே சரியாமல் மார்புப் பட்டை பிடிக்கும். இறங்கும்போது முன்னே சரியாமல் வாலடி வாரோ, தொடையைச் சுற்றிய பிட்டப் பட்டையோ பிடிக்கும். கோவேறு கழுதைக்குக் கழுத்தடி மேடு தட்டை என்பதால் பிட்டப் பட்டை இல்லாமல் இறக்கத்தில் இறங்கவே கூடாது. சமதரையில் அது தொடைக்கும் பட்டைக்கும் இடையே கை நுழையும் தளர்ச்சியில் இருக்க வேண்டும். இறக்கத்தில் தானே இறுகும்.

கட்டும் வரிசை: முன்கச்சை, பின்கச்சை, மார்புப் பட்டை. அவிழ்ப்பது தலைகீழ். முன்கச்சையை முதலில் அவிழ்த்த நேரத்தில் குதிரை மிரண்டால், சேணம் பின்கச்சையில் தொங்கி வயிற்றடிக்குப் போகும். அதை உதைத்து உதைத்தே குதிரை தன்னை நாசமாக்கிக்கொள்ளும்.

பின்கச்சை வயிற்றைத் தொட்டும் தொடாமலும், தட்டையான உள்ளங்கை நுழையும்படி. தொங்கலாக விட்டால் பின்னங்கால் சிக்கும். இரண்டு கச்சைக்கும் நடுவே இணைப்பு வார் கட்டாயம். இல்லாவிட்டால் பின்கச்சை நகர்ந்து அடிவயிற்றில் ஏறி, சாதுவையும் துள்ளவைக்கும்.

ஜூன் 12

முன்கச்சை மூன்று தவணையில்: கட்டும்போது லேசாக, பத்தடி நடத்திவிட்டு மீண்டும், ஏறுவதற்கு முன் ஒரு முறை. பத்து நிமிடம் போனதும் இறங்கிப் பார்க்கவும். மார்பெலும்புக்கும் கச்சைக்கும் நடுவே இரண்டு விரல்.

ஜூலை 2

சேணத்தை இறக்கியதும் வியர்வையைப் பார்க்க வேண்டும், துடைப்பதற்கு முன்னால். முதுகெலும்பின்மேல் நீளவாக்கில் உலர்ந்திருப்பது சரி. சேணச் சட்டத்தின் பக்கப் பலகைக்குக் கீழே, சுற்றிலும் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு உலர்ந்திருந்தால் இரண்டில் ஒன்று: அங்கே சேணம் தொடவே இல்லை, அல்லது வியர்வைச் சுரப்பி அடைபடும் அளவுக்கு அழுத்துகிறது. விரல் நுனியால் அழுத்தினால் தெரிந்துவிடும். குதிரை முதுகைத் தாழ்த்தினால் அழுத்தம்.

சாம்பலுக்குக் கழுத்தடியில் இருபுறமும் நாலைந்து வெள்ளை மயிர், பழைய காயம். பழுப்புக்கு ஒரே சீரான ஈரம்.

ஜூலை 19

ஒரு குதிரைக்கு முட்டியடியில் கச்சைப் புண். மயிர் போய், தோல் சிவந்து, ரூபாய் நாணயம் அளவு. புண் ஆறும் வரை சேணம் கிடையாது. காரணம் கச்சையின் நீளம்: 30 அங்குலம் போட்டதில் இரும்பு வளையம் முட்டியின் மடிப்பிலேயே விழுந்திருக்கிறது. வளையம் இருபுறமும் ஒரே உயரத்தில், முட்டிக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். 34 மாற்றியாயிற்று.

செப்டம்பர் 6

இரண்டு மாத மலை வேலையில் பழுப்பு 30 கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டது. சுற்று 74-லிருந்து 71½. வாங்கியபோது பொருந்திய சேணம் இப்போது கழுத்தடி மேட்டில் தாழ உட்காருகிறது. முன்கவைக்கு அடியில் மூன்று விரல் நுழைந்த இடத்தில் ஒன்றரைதான் நுழைகிறது. இப்போதைக்கு அரை அங்குலக் கூடுதல் மெத்தை முன்பக்கம் மட்டும். சுமை 80 கிலோவுக்குள். நூலை மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தது. கோட்டிலிருந்து அரை அங்குலம் முன்னால் விழுகிறது.