பிரிக் லேன் முனையில் ஒரு பள்ளிவாசல்

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் ஆல்ட்கேட் ஈஸ்டுக்கு 20 நிமிடம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும், சித்தி சித்தப்பாவாக இருந்தாலும், நான் முதலில் கூட்டிப்போவது அரண்மனைக்கு அல்ல, பிரிக் லேனுக்கு. அங்கே ஃபூர்னியர் தெரு முனையில் இருக்கும் பள்ளிவாசலை அவர்கள் பார்த்தே ஆகவேண்டும் எனக்கு.

சாதாரணச் செங்கல் கட்டடம். பக்கத்தில் அந்த எவர்சில்வர் மினார் இல்லாவிட்டால் பள்ளிவாசல் என்றே சொல்லமாட்டீர்கள். 1743இல் இதைக் கட்டியவர்கள் பிரான்சிலிருந்து வந்த ஹியூகனோக்கள். புராட்டஸ்டன்ட்காரர்களான இவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி மன்னன் பறித்ததும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டினார்கள். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவர்களைச் சொல்லத்தான் அந்த மொழிக்குள் வந்தது. 1819இல் கட்டடம் மெதடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குப் போனது, 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது, 1976இல் பள்ளிவாசல். மெதடிஸ்டுகளுக்கு முன்பே, 1809இல், யூதர்களைக் கிறிஸ்தவர்களாக்குவதற்கென்றே ஒரு சங்கம் அங்கே குடியேறியிருந்தது. அதே கூரையின் கீழ் பிற்பாடு யூதர்களே தங்கள் வேதமான தோராவை ஓதினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சுவரில் உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு, 1743 என்ற ஆண்டோடும் லத்தீனில் இரண்டு சொற்களோடும். 'நாம் நிழல்' என்று பொருள். வந்தவர்கள் யாரும் அதை அழிக்கவில்லை.

சாமி மாறினாலும் தொழில் பெரிதாக மாறவில்லை. ஹியூகனோக்கள் பட்டு நெய்தார்கள். ஃபூர்னியர் தெரு வீடுகளின் உச்சிமாடியில் அகல அகலமாக ஜன்னல் வைத்திருப்பது தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. 1881இல் ரஷ்யப் பேரரசன் கொல்லப்பட்டபின் அங்கே நடந்த வெறியாட்டத்துக்குத் தப்பிவந்த யூதர்கள் இங்கே தையல் மெஷின் மிதித்தார்கள். அப்புறம் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள் தோல் ஜாக்கெட் தைத்தார்கள். இவர்களில் முதலில் வந்தவர்கள் கப்பலின் அடித்தட்டில் கரி அள்ளிப்போட்ட கூலிகள். துணிக்குள் ஊசி ஏற இறங்க, முந்நூறு வருடம் போயிருக்கிறது.

யாரையும் இங்கே ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். 1936 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் மோஸ்லியின் கூட்டம் இந்தப் பக்கம் ஊர்வலம் வரப் பார்த்தபோது யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கேபிள் தெருவில் தடுப்புப் போட்டு மறித்தார்கள். 1978 மே 4 அன்று அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கொல்லப்பட்டார். குத்தியவர்கள் பதின்வயதுப் பையன்கள். பத்து நாள் கழித்து அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் பிரதமர் வீட்டு வாசல்வரை நடந்தார்கள். 'வந்தேறி' என்று காதுபட ஏசப்பட்டவர்கள், அதுவரை தலைகுனிந்து போனவர்கள், அன்றைக்குத் தெருவில் இறங்கினார்கள். அவர் விழுந்த இடத்தை ஒட்டிய பூங்காவுக்கு 1998இல் அவர் பெயரையே வைத்தார்கள். ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடை. நான் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பிரிக் லேனுக்குள் போவேன்.

இப்போது என்னை உறுத்துவது வாடகை. புரூன் தெருவில் ஏழை யூதர்களுக்குக் கஞ்சி ஊற்றிய 1902ஆம் வருடத்துக் கட்டடம் இருக்கிறது. எதற்காகக் கட்டினார்கள் என்று வாசலின் மேலேயே செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. 1989இல் மூடிய ட்ரூமன் மதுபான ஆலை வளாகத்தில் புது அலுவலகங்களும் கடைகளும் கட்ட 2021இல் மாநகராட்சி அனுமதி கொடுத்தபோது, எங்கள் கடைகள் பிழைக்காது என்று வங்காளிக் குடும்பங்கள் எதிர்த்தன. அந்தப் பயம் நியாயமானது. இதற்கு முன்னால் இங்கிருந்து போனவர்களில் பலர் நாலு காசு சேர்த்து நல்ல வீடு தேடிப் போனவர்கள். இவர்கள் வாடகை கட்டமுடியாமல் போகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

தெருப் பெயர்ப்பலகைகளில் இன்னும் வங்காள எழுத்து இருக்கிறது. வடக்கு முனையில் யூதர்களின் பைகல் (நடுவில் ஓட்டை உள்ள வட்ட ரொட்டி) கடை இரவு பகலாகத் திறந்திருக்கிறது. நள்ளிரவு தாண்டிப் போனாலும் வரிசை நிற்கும். சித்தப்பா போன தடவை இரண்டு வாங்கிச் சாப்பிட்டார்.