சொந்தத் திடலில் ஒரே ஒரு கோல்

2020ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி விடியற்காலை மூன்றேகால் மணிக்கு, அக்கம்பக்கத்தார் விழித்துவிடக் கூடாதே என்று தொலைக்காட்சியின் ஒலியை அறவே குறைத்துவிட்டு, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வீட்டில் அண்ணனும் நானும் லிவர்பூல், செல்சி காற்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 30 ஆண்டுகளுக்குப் பிறகு வென்ற இங்கிலாந்து லீக் பட்டத்துக்கான கிண்ணத்தை லிவர்பூல் ஏந்தவிருந்த இரவு அது. ஆனாலும் அண்ணனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அந்தப் பருவம் முழுவதும் லிவர்பூலின் தாக்குதல் ஆட்டக்காரர் ராபர்ட்டோ ஃபிர்மினோ, குழுவின் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் ஒரு லீக் கோல்கூடப் போட்டிருக்கவில்லை. "சொந்தத் திடலில் கோல் போடாதவரைத் தாக்குதல் ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்வது?" என்று அவர் பல மாதங்களாகக் கேட்டு வந்தார். 54ஆவது நிமிடத்தில் அலெக்சாண்டர் அர்னால்ட் அனுப்பிய பந்தை ஃபிர்மினோ தலையால் முட்டி வலைக்குள் செலுத்தியபோது, அண்ணன் போட்ட கூச்சலில் அம்மாவே எழுந்து வந்துவிட்டார்.

நான் அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொண்டதில்லை. அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களிலும் களமிறங்கிய ஃபிர்மினோ போட்டவை 9 கோல்கள்தாம் என்றாலும், அவற்றுள் கிறிஸ்டல் பேலஸ், டோட்டன்ஹம், உல்வ்ஸ் ஆகிய குழுக்களின் திடல்களில் வெற்றியைத் தேடித்தந்த கோல்களும் அடங்கும். அதைவிட முக்கியமானது, கோல் விழுவதற்கு முன் அவர் செய்த வேலை. தாக்குதல் வரிசையின் மத்தியில் நிற்க வேண்டிய அவர் நடுத்திடலை நோக்கி இறங்கி வருவார். அவரைக் காக்க வேண்டிய தற்காப்பு ஆட்டக்காரர் பின்தொடர்ந்தால் பின்னால் இடம் காலியாகும், பின்தொடராவிட்டால் ஃபிர்மினோ தடையின்றித் திரும்பிப் பந்தை அனுப்புவார். அந்தக் காலி இடத்திற்குள்தான் சக தாக்குதல் ஆட்டக்காரர்களான சாலா வலப்புறத்திலிருந்தும் மானே இடப்புறத்திலிருந்தும் பாய்ந்தார்கள். 2017-18 பருவத்தில் சாலா 44 கோல்கள் போட்டதைப் பேசுகிறவர்கள், அதே பருவத்தில் ஃபிர்மினோ போட்ட 27 கோல்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து. பந்தை இழந்த மறுகணமே எதிரணியினரை முதலில் நெருக்குபவரும் அவராகவே இருப்பார். நிர்வாகி கிளாப்பின் ஆட்டமுறை அவரிடமிருந்துதான் தொடங்கியது.

பிரேசிலின் வடகிழக்குக் கடலோரத்தில் உள்ள மசெயோ நகரில் 1991இல் பிறந்தவர் ஃபிர்மினோ. ஃபிகெய்ரென்சே குழுவிலிருந்து 2011 ஜனவரியில், பத்தொன்பது வயதில், ஜெர்மனியின் ஹோஃபன்ஹைமுக்கு வந்து, 2013-14இல் 16 லீக் கோல்கள் போட்டு, 2015இல் லிவர்பூலுக்கு மாறினார். வெப்பமண்டலக் கடற்கரையில் வளர்ந்த ஓர் இளைஞர், ஜெர்மனியின் ஜனவரிக் குளிரில், மொழி தெரியாத ஊரில் தொடங்கிய வாழ்க்கை அது. வேலைக்காகக் கடல் கடந்து வந்த தாத்தாவின் பேரனாகிய எனக்கு, அவருடைய கோல்களைவிட இந்தப் பயணம்தான் முதலில் மனத்தில் தைத்தது.

2019 டிசம்பரில் டோஹாவில் நடந்த கிளப் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் ஒரே கோலைப் போட்டு லிவர்பூலுக்கு வெற்றி தந்தவரும் அவரே. எதிரே நின்றது அவருடைய தாய்நாட்டின் ஃபிளமெங்கோ.

2023 மே 20ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, ஆன்ஃபீல்டில் அவருடைய கடைசி ஆட்டத்தை அண்ணனும் நானும் காப்பிக்கடைத் திரையில் பார்த்தோம். மாற்று ஆட்டக்காரராக வந்து 89ஆவது நிமிடத்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஆட்டத்தைச் சமன் செய்தார். இம்முறை அண்ணன் கூச்சலிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) சொன்னார். லிவர்பூலுக்காக 362 ஆட்டங்களில் 111 கோல்கள் போட்டுவிட்டு, ஃபிர்மினோ சவூதியின் அல் அஹ்லிக்குச் சென்றார்.

அங்கே 2025 தொடக்கத்தில் உள்நாட்டு லீக்கிற்கான பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் மட்டுமே ஆட முடிந்தது. அந்தப் போட்டியின் இறுதியாட்டம் மே 3ஆம் தேதி ஜெட்டாவில் நடந்தது. ஜப்பானின் கவாசாகி ஃபிரொன்டாலேயை அல் அஹ்லி 2-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் ஃபிர்மினோ கோல் போடவில்லை. இரண்டு கோல்களுக்கும் பந்தை எடுத்துக்கொடுத்தவர் அவர். போட்டியின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. நள்ளிரவைத் தாண்டி முடிந்த அந்த ஆட்டத்திற்குப் பிறகு, அண்ணன் தாமாகவே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.