பத்மினிக்கு ஒரு பின் தட்டு

மாமனாரின் பிரீமியர் பத்மினி ஏற்காட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நாலு வருடம் நின்றிருந்தது. 1989 மாடல். கன்னங்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதை இறக்கிக் கொண்டுவந்தபோது இன்ஜினும் பிரேக்கும் என்ன பாடு படுத்துமோ என்றுதான் பயந்தேன். அவை இரண்டும் பதினைந்து நாளில் சரியாகிவிட்டன. இரண்டு மாதம் இழுத்தது ஒரு பலகை. பின் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் இருக்குமே, குடையும் துண்டும் போட்டு வைப்போமே, அந்தப் பார்சல் ட்ரே.

அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி வாடையும் தூசியும் நேராக உள்ளே வரும். ஜாக்கி உருளும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். அதைவிட, பின் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த இடம்தான். மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்து அது மட்டும் ஓட்டையாக இருந்தால் மனசு கேட்காது.

பழைய பலகையைக் கழற்றியதே ஒரு நாள் வேலை. கீழ் மெத்தையைத் தூக்கிவிட்டுச் சாய்மானத்தையும் எடுத்தால்தான் கை போகும். பலகை ஹார்டுபோர்டு. மரநாரை அழுத்திச் செய்வதால் தண்ணீர் பட்டால் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். கையில் எடுத்தபோது நனைந்த அப்பளம் மாதிரி பிய்ந்து வந்தது. அடியில் இருந்த தகட்டுச் சட்டத்தில் துரு. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு கொலுசுத் திருகு கிடந்தது. என் மனைவி அதைப் பார்த்ததும் கையில் வாங்கிக்கொண்டாள். சின்ன வயதில் மலை ஏறும்போதெல்லாம் அந்தத் தட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே போவாளாம். அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். இன்று என் மகளை நிச்சயம் அங்கே ஏற விடமாட்டேன். சடன் பிரேக் போட்டால் அங்கே இருக்கும் எதுவும் முன்னால்தான் பறந்து வரும்.

ரெடிமேடாகக் கிடைக்குமா என்று சென்னை புதுப்பேட்டை வரை கேட்டுப் பார்த்தேன். பத்மினி உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிடைத்த ஒன்றும் என்னுடையதைப் போலவே உப்பிப்போன பலகை. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

சீட் தைக்கும் பாய் ஒருவரிடம் போனேன். எழுபது வயது இருக்கும். பலகை அளவை நான் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பலகை ஏன் கெட்டுச்சுன்னு பாத்தீங்களா தம்பி? அதைப் பாக்காம புதுசு போட்டா, அடுத்த மழைக்கு இதுவும் போயிரும்.”

அன்று சாயங்காலம் மகளை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்து, பின் கண்ணாடி மேல் ஹோஸில் தண்ணீர் அடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, “அப்பா, இங்க சொட்டுது” என்றாள். வலது பக்கக் கீழ் மூலை. கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தது. வருடக்கணக்கில் ஏற்காட்டுப் பனியும் மழையும் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கின்றன.

புது பீடிங் போட்ட விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றி முதலில் பீடிங்கை மாட்டுகிறார்கள். பாடியில் உட்காரும் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையையும் வண்டிக்கு உள்ளே விடுகிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தட்ட, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுக்கிறார். கயிறு வரவர, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்பக்கம் மடிந்து உட்காருகிறது. முழுக் கயிறும் கையில் வந்ததும் வேலை முடிந்தது. பார்க்கவே அவ்வளவு அழகு. துருவை நான் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் கறுப்பு பெயிண்ட் பூசினேன்.

அடுத்து அளவு. பழைய பலகையை வைத்து வெட்டலாம் என்றால் அது நெளிந்து கிடக்கிறது. முழு அட்டையாக வைத்துப் பார்த்தால் வண்டிக்குள் திருப்பவே முடியவில்லை. கடைசியில் டிவி வந்த அட்டைப் பெட்டியை இரண்டு பாதியாக வெட்டி, இடது பாதியை இடது மூலைக்கும் வலது பாதியை வலது மூலைக்கும் தனித்தனியாகச் சீவிப் பொருத்தினேன். நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் டேப் ஒட்டி, ஒரே துண்டாக வெளியே எடுத்தேன். இதைச் செய்யப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொன்று, ஒரு பக்கம் வரைந்து அதையே திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டாதீர்கள். என் வண்டியில் இரண்டு மூலைக்கும் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

பலகைக்கு 4 மி.மீ. மெரைன் பிளைவுட். அதன் அடுக்குகளை ஒட்டும் பசை தண்ணீர் தாங்கும். லேசாக வளையும் என்பதால் உள்ளே நுழைக்கவும் வசதி. வெட்டிய விளிம்பு வழியாகத்தான் ஈரம் ஏறும் என்பதால் சுற்றிலும் இரண்டு கோட் வார்னிஷ் கொடுத்தேன். வெறும் பலகையாக வைத்துப் பார்த்தபோது ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

அதுதான் தப்பு. ஃபோமும் ரெக்சினும் ஒட்டி, விளிம்பில் மடித்துக் கொண்டுபோனால் பலகை உள்ளே போகவே இல்லை. மடிப்பு ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் சாப்பிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாய் ஒன்றும் சொல்லாமல் ரெக்சினை உரித்தார். சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் சீவிக்கொண்டு வரச் சொன்னார். மறுபடி வார்னிஷ், மறுபடி காய வைப்பது.

நிறமும் அப்போதுதான் மாறியது. சீட்டுக்குப் பொருந்தட்டும் என்று நான் கிரீம் நிறம் வாங்கியிருந்தேன். முதலில் ஒட்டியதும் அதுதான். பாய் ஒரு கிரீம் துண்டைப் பின்னால் விரித்துவிட்டு, என்னை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் உள்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். வெயிலில் பின் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்து, பின்னால் நிற்கும் ஆட்டோவே மங்கலாகத் தெரிந்தது. கறுப்புத் துண்டை விரித்ததும் தெளிவாகிவிட்டது. பளபளப்பில்லாத கறுப்பே போட்டோம்.

ஒட்டுவதில் அவர் காட்டிய பொறுமையை இங்கே சொல்லியாக வேண்டும். ரப்பர் கம்மைப் பலகையிலும் துணியிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை தொடவே விடவில்லை. பிறகு நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனார். மூலை வளைவில் அடிப்பக்கத் துணியைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுத்ததால் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. ஒரு நாள் முழுக்க வெயில் படாமல் வைக்கச் சொன்னார். சேலத்து மே மாத வெயிலில் கண்ணாடிக்கு அடியில் இருக்கப்போகும் பொருள் அது. பசை முழுசாக இறுகுவதற்குள் சூடு பட்டால் ரெக்சின் குமிழ் விட்டுவிடும்.

தகட்டில் முன்பு யாரோ ஓவல் ஸ்பீக்கருக்காக இரண்டு ஓட்டை வெட்டியிருந்தார்கள். மறுபடி ஸ்பீக்கர் வைக்கலாமே என்று மைத்துனர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் காந்தத்தின் எடை நாளடைவில் பலகையைத் தொய்ய வைக்கும். ஸ்பீக்கர் வேண்டுமென்றால் கதவில் வைத்துக்கொள்ளலாம்.

மாட்டும்போது சட்டத்தின் மேல் ஃபெல்ட் (கம்பளி போன்ற மெத்தைத் துணி) பட்டை ஒட்டி, பலகையைச் சாய்வாக நுழைத்துக் கண்ணாடிப் பக்க விளிம்பை முதலில் உட்கார வைத்தோம். முன் விளிம்பைச் சீட்டின் சாய்மானமே பிடித்துக்கொண்டது. பலகை, ரெக்சின், ஃபோம், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பீடிங் செலவு தனி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். அடிவாரம் தாண்டி ஸ்டீயரிங் பக்கத்துக் கியரை இரண்டாவதுக்கு மாற்றினேன். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவில் பின்னால் கிறீச் என்றது. ஐந்தாவதிலும் அதே சத்தம். வலது பக்கம் ஒடிக்கும்போது மட்டும் கேட்டது. மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, சாய்மானத்தை மறுபடி கழற்றிப் பார்த்தேன். இடது மூலையில் ஃபெல்ட் ஒரு விரல் நீளம் குறைவாக இருந்தது. பாடி முறுக்கும்போது அங்கே பலகையும் தகடும் உரசியிருக்கின்றன. மீந்த பட்டையை மனைவி பையில் எடுத்து வந்திருந்தாள். அதை அங்கேயே வெட்டி ஒட்டினேன்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் மகள் திரும்பி உட்கார்ந்து, வலது மூலையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். அடிவாரம் வந்து சேரும்வரை விரல் நனையவில்லை, சத்தமும் இல்லை.