வாளியில் இல்லாத உட்கரு

1984இல் நான் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் படிவம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு ரப்பர் தோட்டத்து பஸ்ஸில் வந்து படித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பாடமெல்லாம் மலாய் மொழியில். செல்லின் உள்ளுறுப்புகளை ஓர்கானெல், நுக்லியுஸ், வாக்குவோல், மித்தோகொன்ட்ரியா என்று மனப்பாடம் செய்து, தாவர செல்லின் படத்தை வரைந்து, அளவுகோல் வைத்துக் கோடிழுத்துப் பெயர் குறித்து, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவேன். அந்தப் பெட்டிக்குள் உயிர் இருக்கிறது என்பது மட்டும் ஒரு நாளும் மனதில் படவில்லை.

உயிரியல் சாருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்கு முதல்நாள், "யார் வீட்ல பால் வெட்டுறாங்களோ, ஒரு சின்ன போத்தல்ல கொஞ்சம் கொண்டாங்க" என்றார். விடியுமுன் அம்மாவோடு மரநிரைக்குப் போய், முதல் மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து எடுத்தேன். கட்டியாகாமலிருக்க அம்மா இரண்டு சொட்டு அமோனியா விட்டுத் தந்தார்.

சார் ஒரு சொட்டுப் பாலை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். இருந்தது ஒரே நுண்ணோக்கி. என் முறை வந்தபோது பார்த்தேன்: எண்ணற்ற புள்ளிகள், ஒன்றுகூட ஓரிடத்தில் நிற்கவில்லை. உலையில் நொய் துள்ளுவதுபோல் துடித்துக்கொண்டே இருந்தன. ரப்பர்த் துகள்கள்; தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்து அவற்றை ஆட்டுகின்றன என்றார் சார். 1827இல் மகரந்தத்தை ஆராய்ந்தபோது இந்த ஆட்டத்தைக் கவனித்தவர் ராபர்ட் பிரௌன். 1831இல் செல்லின் உட்கருவுக்கு நியூக்ளியஸ் என்ற பெயரை வைத்தவரும் அவரே.

உட்கரு என்றதும் மறுபடி குனிந்து தேடினேன். காணோம்.

"சார், நியூக்ளியஸ் எங்க?"

"இந்தக் கேள்விக்குத்தாம்மா காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அந்த முகமலர்ச்சியை இன்னும் நான் மறக்கவில்லை.

பால்மரத்தின் பட்டைக்குள் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, இடைச்சுவர் கரைந்து, நீண்ட குழாய்களாகிவிடுகின்றன. கத்தி பட்டதும் வழிவது வெறும் சாறு அல்ல, அந்தச் செல்களை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசமே. அதில் ரப்பர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. புரதம் கட்டும் ரைபோசோம்களும் வெளியே வந்துவிடுகின்றன. கணிகங்கள் என்ற மஞ்சள் நிற நுண்ணுறுப்புகள் சிலவும் வரும்; அவற்றுக்குச் சுவிஸ் தாவரவியலாளர் ஃப்ரெய் வைஸ்லிங்கின் பெயர். நமக்கு எதிர்க்கரையான சுமத்ராவில் வேலை பார்த்தவர் அவர். ஆனால் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் குழாய்ச் சுவரை ஒட்டியே தங்கிவிடுகின்றன. எதைச் செய்ய வேண்டும் என்ற குறிப்பும், செய்வதற்கான ஆற்றலும் மரத்திலேயே இருக்கின்றன. போனதெல்லாம் அவற்றைக் கொண்டு மறுபடி உண்டாகிறது. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட கன்றுகள் தொடங்கி எத்தனை வாளி! எதிலும் உட்கரு போகவில்லை.

என்னை அதைவிடக் கவர்ந்தது பாலில் இருக்கும் இன்னொரு நுண்ணுறுப்பான லூட்டாய்டு. ஒற்றைச் சவ்வுப் பை, உள்ளே புளிப்பு, சிதைக்கும் நொதிகள். பாடப்புத்தகத்தில் செல்லின் செரிமானப் பையான லைசோசோமும் சேமிப்புப் பையான வாக்குவோலும் ஒன்றாய்ச் சேர்ந்தது மாதிரி. வெட்டின அழுத்த மாற்றத்தில் இந்தப் பைகள் உடைந்து, உள்ளிருப்பது ரப்பர்த் துகள்களைத் திரட்டி, வெட்டு வாயை அடைத்துவிடும். பால் ஓட்டம் தானாக நிற்பது இதனால்தான். 1960களில் சுங்கை பூலோவின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார்கள். பள்ளி விடுமுறையில் நான் வெட்டுக் கோட்டிலிருந்து நீளமாக உரித்து, உருண்டையாகச் சுற்றி, விரலெல்லாம் நாற்றம் ஏறக் கொண்டுவந்த ஒட்டுப்பால், ஒரு நுண்ணுறுப்பு தன் வேலையைச் செய்து முடித்த அடையாளம்!

இன்று ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஓர் ஆய்வகத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு என் பொழுது போகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு அவற்றை முதலில் காட்டியது, அவை இல்லாத அந்தத் துளிதான்.

அந்த வகுப்பு நடந்த சனிக்கிழமை மாலை அம்மா கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அதான் ஒரு மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுறோம். திரும்ப ஊறணும்ல?" என்றார். பிறகு, "ஆழமாப் போனா காயம் பட்டுரும் பாப்பா. பட்டை வளர்ற எடம் அங்கதான் இருக்கு. ஆழம் பத்தலனா பால் வராது."

பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது, அம்மா சொன்ன அந்த வளரும் அடுக்கான கேம்பியத்தை ஒட்டித்தான். அதற்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இப்பால் கத்தி நிற்க வேண்டும், அதுவும் இருட்டில், மரத்துக்கு மரம். அடுத்த சனிக்கிழமை, தலைவிளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் கத்தி நுனியை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். பட்டைச் சீவல் சுருண்டு விழுந்தது. வெட்டு வாயில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி, மங்கை நோக்கி ஓடத் தொடங்கின.